இரண்டாவது வளையம்

ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற கட்டுரைகளை நானும் படித்திருக்கிறேன். "நேற்று நடந்தது போல் நினைவிருக்கிறது" என்று தொடங்குவார்கள். நான் அப்படித் தொடங்கப் போவதில்லை. ரயில்வேயில் இருந்த காலம் முழுக்க, நினைவை நம்பாதே என்று படித்தவன் நான். ரயில்வே ஓய்வூதியர் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருவர், "அந்தக் காலத்து ஆளுகளுக்கு என்னா ஞாபகசக்திங்க. எல்லாத்தையும் மண்டையிலயே வச்சிருந்தீங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மண்டையில் வைத்திருந்தால் கண்டிக்கும் மாத்தளைக்கும் நடுவில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் தெரியுமா என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, அதையே எழுதிக் கொடுங்கள் என்றார்.

நான் பிறந்தது கண்டி மஹய்யாவ. அப்பா நகரசபையில் வீதி கூட்டினார். நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் வருஷம் மாத்தளைப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் போர்ட்டராகச் சேர்ந்தேன். அந்த ஸ்டேஷன் பெயர் இங்கே வேண்டாம். ஆறு மாதம் மூட்டை தூக்கினேன், ஒரு வருஷம் சிக்னல் விளக்குத் துடைத்தேன், பிறகு பாயிண்ட்ஸ்மேன் ஆக்கினார்கள். தண்டவாளத்தைத் திருப்பி விடுவதும், சிக்னல் நெம்புகோலை இழுப்பதும், ஓடுகிற வண்டிக்கு வளையம் கொடுப்பதும் என் வேலை.

வளையம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இதில்தான் என் கதை முழுக்க இருக்கிறது. எங்கள் பாதை ஒற்றைப் பாதை. போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே தண்டவாளம். அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு சிவப்பு மெஷின் இருக்கும். அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடித்துக் கேட்டு, அங்கிருப்பவர் சம்மதித்தால், மெஷின் ஒரு வட்ட வில்லையை வெளியே தரும். அந்த வில்லை ஒரு தோல் பைக்குள் போகும். பை, பிரம்பு சுற்றிய பெரிய கம்பி வளையத்தில் தொங்கும். நான் பிளாட்பாரத்து ஓரத்தில் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எஞ்சினில் இருப்பவர் குனிந்து முழங்கையை உள்ளே விட்டு வாங்கிக்கொள்வார். அந்த வில்லை அடுத்த ஸ்டேஷன் மெஷினுக்குள் போகிற வரைக்கும் இரண்டு பக்கத்து மெஷினும் வாய் திறக்காது. ஒரு பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு வளையம். வளையம் யாரிடம் இருக்கிறதோ பாதை அவருடையது.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். ஆள் குள்ளம். எந்த வெயிலிலும் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றமாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, ஆனால் அவர் முன்னால் "ஞாபகம் இருக்குங்க" என்று சொன்னவன் தொலைந்தான். "ஞாபகம் இருக்கெண்டு சொல்லாதையும். கையிலை என்ன இருக்கெண்டு சொல்லும்" என்பார். வெறும் வாயால் அவர் எந்த உத்தரவும் கொடுத்ததில்லை. கொடியைக் கையில் கொடுத்துக்கொண்டே சொல்வார், நான் அதைப் பிடித்துக்கொண்டே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. என்னைச் சின்னப் பிள்ளையாக நினைக்கிறார் என்று மனதுக்குள் வைதுகொண்டே திருப்பிச் சொல்வேன்.

ஒரு மழை நாளில் அந்த எண்ணம் மாறியது. மெயின் பாதையில் நாலு சரக்குப் பெட்டிகள் நின்றன. அப்படி நின்றால், அந்தப் பாதைக்கான சிக்னல் நெம்புகோலின் தலையில் ஒரு இரும்பு வளையத்தை மாட்ட வேண்டும். அதற்குக் காலர் என்று பெயர். காலர் கிடந்தால் நெம்புகோலை இழுக்க முடியாது. நான் மாட்டியிருந்தேன். அரை மணி கழித்து அம்பலவாணர் வந்து, மாத்தளை வண்டி வருகிறது, அது உள்ளே வரச் சிக்னலை இறக்கு என்றார். நெம்புகோலில் கை வைத்தேன், கையில் இரும்பு பட்டது.

"ஐயா, காலர் கெடக்குங்க" என்றேன்.

அவர் காலரைப் பார்த்தார், வெளியே நின்ற பெட்டிகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டார். "நல்லது. நான் மறந்துபோனன். அது மறக்கேல்லை" என்றார். பிறகு தன் பெயரிலேயே அதை டயறியில் எழுதினார். மறந்தவன் மேல் அவருக்கு எந்த நாளும் கோபம் வந்ததில்லை, காலர் போடாதவன் மேல்தான் வரும். அன்றிலிருந்து அந்தக் குள்ள மனிதர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இருபத்தைந்தாம் வருஷக் கடைசியில் என் மனைவி பூவாயிக்குக் காய்ச்சல் வந்தது. பதின்மூன்று நாள் நெருப்பாய்க் கொதித்தாள். பிழைத்து எழுந்தபோது உடம்பு முழுக்கச் சரியாக இருந்தது, புதிதாக நடப்பது மட்டும் மனதில் தங்கவில்லை. கலியாணம் நினைவிருக்கும், மகள் செல்லம் பிறந்தது நினைவிருக்கும், சோறு வடிக்கத் தெரியும், பாட்டுத் தெரியும். ஆனால் பத்து நிமிஷத்துக்கு முன்னால் சாப்பிட்டது தெரியாது. குழந்தைக்கு ஊட்டிவிட்டு உடனே மறுபடி ஊட்ட உட்காருவாள். மருந்துச்சாலையில் வைத்தியம் பார்த்த அப்பொத்திக்கரி ஐயா நேர்மையான ஆள். "போனது திரும்பாது. ஆனா கை பழகும். திரும்பத் திரும்பச் செய்ய வச்சா, மனசுக்குத் தெரியாம கை பழகிடும்" என்றார். இன்றைக்கு வரைக்கும் அவரைவிட நல்ல வைத்தியம் யாரும் சொல்லவில்லை.

அவளுடைய அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே இறந்துவிட்டார். அந்தச் சாவு அவள் மனதில் பாதி இருந்தது, பாதி இல்லை. "அம்மா எப்ப வருது?" என்று கேட்பாள். முதலில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அன்றுதான் செத்தது போல் மாரடித்து அழுதாள். ஒரு நாளில் மூன்று தடவை அழ வைத்த பிறகு எனக்கே என் மேல் வெறுப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு, "உங்கம்மாவுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்கப் பழகினேன். கருவாட்டுக் குழம்பு என்பாள், முகம் மலர்ந்துவிடும், அதையே வைக்கவும் வைப்பாள். மாமியார் செத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அவருக்காக இவ்வளவு கருவாடு வெந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸ் தண்டவாளத்திலிருந்து பதினைந்து அடி. செல்லத்துக்கு மூன்று வயது. ஒரு நாள் நான் சிக்னலில் நின்றபடி பார்த்தேன், குழந்தை தண்டவாளத்து நடுவில் குந்தியிருந்து ஜல்லி பொறுக்கிக்கொண்டிருந்தது. பூவாயி வாசலில் நின்று யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன்.

இந்தச் செய்தி கலகெதரப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த அவள் அண்ணன் கறுப்பையாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தகப்பனுக்குப் பதிலாக அவளை வளர்த்தவர். வந்து உட்கார்ந்தவுடனேயே பேச்சைத் தொடங்கினார்.

"மாப்பிள்ளை, புள்ளய நான் கொண்டு போறேன். இவளைக் கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில சேத்துருவோம். நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் பாப்பீங்க?"

"சாகுற வரைக்கும் பாப்பேன், மச்சான்."

"வீராப்புப் பேசாதீங்க. புள்ள ரயில்ல அடிபட்டா?"

மூன்று மாதம் தவணை கேட்டேன். மூன்று மாதம் கழித்து வந்து இரண்டு நாள் தங்கிப் பார்ப்பதாகவும், அவள் கையில் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று தெரிந்தால் இரண்டு பேரையும் கூட்டிப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். பூவாயி அவருக்குக் கையாட்டி அனுப்பிவிட்டு வந்து, அண்ணன் எப்போது வருவார் என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் அம்பலவாணரிடம் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், அதில் வெட்கம் என்ன. அவர் கேட்டு முடித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"உம்மடை வீட்டிலை, பிள்ளை ஆரிட்டை இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

"அவகிட்டச் சொல்லிட்டுத்தான் வருவேன்ங்க."

"சொல்லிப்போட்டு," என்று அவர் திருப்பிச் சொன்னார். "இந்த ஸ்டேஷனிலை ஆரும் அப்பிடி வண்டி விட்டால் நான் என்ன செய்வன்?"

உள்ளே போய், பை கிழிந்து ஓரமாகக் கிடந்த பழைய வளையம் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு ஆணியைக்கூட எழுதாமல் தராத மனிதர். பாவனைக்கு உதவாதது, பாயிண்ட்ஸ்மேனிடம் கொடுக்கப்பட்டது என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கொடுத்தார். "வில்லை இல்லாட்டி இது ரயிலுக்குச் செல்லாது. உம்மடை பிள்ளைக்குச் செல்லும். கொண்டு போம்" என்றார்.

அன்றைக்கே வீட்டில் ஒற்றைப் பாதை தொடங்கியது. வளையம் யார் தோளில் கிடக்கிறதோ பிள்ளை அவர் பொறுப்பு. நான் வேலைக்குப் போகும்போது வளையத்தை அவள் தோளில் மாட்டி, "புள்ள உன்கிட்ட" என்பேன். அவள் "புள்ள என்கிட்ட" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வந்ததும் கழற்றி என் தோளில் போட்டுக்கொண்டு, "புள்ள என்கிட்ட" என்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவை, தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தோம். சோற்றுப் பானைக்கு ஒரு காலர் செய்தேன், சிவப்புச் சாயம் பூசிய சிரட்டை வளையம். பிள்ளைக்கு ஊட்டியாயிற்று என்றால் அது மூடியின் குமிழில் இருக்கும். குவார்ட்டர்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். பாயிண்ட்ஸ்மேன் பொண்டாட்டியை எஞ்சினாக்கிவிட்டான் என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். சிரித்தவர்களில் ஒருவர்கூட என் பிள்ளையை ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க வரவில்லை.

வந்தது ஒரு ஆள்தான். ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருந்தவரின் மனைவி ஆமினா ராத்தா; முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல் மாதம் முழுக்கப் பூவாயி வளையத்தைக் கழற்றி எங்காவது வைத்துவிடுவாள். இரண்டாவது மாதம், தோளில் கனம் தட்டினால் நிமிர்ந்து பிள்ளையைத் தேடத் தொடங்கினாள். ஏனென்று அவளுக்குத் தெரியாது, தேடுவாள். மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம் ராத்தா வந்து செல்லத்தைத் தூக்கியபோது, பூவாயி யாரும் சொல்லாமலே வளையத்தைக் கழற்றி நீட்டினாள். ராத்தா தோளில் மாட்டிக்கொள்கிற வரைக்கும் பிள்ளையின் காலை விடவில்லை. ராத்தா வளையத்தோடும் பிள்ளையோடும் ஸ்டேஷனுக்கே வந்து என்னிடம் சொன்னார்.

"தம்பி, ஒங்கட பொஞ்சாதி என்னெயே சும்மா உடல்ல. புள்ளயும் இங்க ஈக்கி, வளையமும் இங்க ஈக்கி, பாருங்கோ."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சொன்னபடி கறுப்பையா மச்சான் வந்தார். முதல் நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்தார். பூவாயி அவரிடம் அவர் பெண்சாதி சுகத்தை ஒன்பது தடவை கேட்டாள். ஆனால் பிள்ளை ஒரு தடவைகூட வாசலைத் தாண்டவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த நிமிர்வுதான் மறுநாள் என்னைக் கவிழ்த்தது.

மறுநாள் காலை, கண்டிக்குப் போகிற வண்டி வந்து நின்றது. எஞ்சின் தண்ணீர் பிடித்து முடிந்தது. டிரைவருக்கு வளையம் கொடுத்துவிட்டேன். புறப்பட இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. குவார்ட்டர்ஸ் பக்கம் போனேன். பூவாயி முற்றத்தில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள், தோளில் வளையம். செல்லம் "எஞ்சின், எஞ்சின்" என்று கையை நீட்டியது. "புள்ளய எஞ்சின் காட்டக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "சரிங்க" என்றாள். ஒரு கையில் கொடி, ஒரு கையில் பிள்ளை. வளையத்தை வாங்கவில்லை. சொல்லிவிட்டோமே என்று நடந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் நின்று பிள்ளைக்கு எஞ்சினின் சக்கரத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததை டிரைவரும் மச்சானும் சொல்லித்தான் அறிவேன். பூவாயி அரிசியை வடித்து நிமிர்ந்திருக்கிறாள். தோளில் கனம். பிள்ளை இல்லை. மச்சான், "இங்கதான் எங்கயாவது இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈரக் கையோடு பாதையில் இறங்கி, எஞ்சினுக்கு நேரே போய் நின்று, வளையத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

வெளியாள் யாராவது பார்த்திருந்தால், ஒரு பெண் கம்பி வளையத்தோடு நிற்கிறாள் என்று நினைத்திருப்பார். டிரைவருக்கு அப்படியில்லை. அவருடைய வளையம் அவர் பக்கத்தில் தொங்குகிறது. எதிரே இன்னொரு வளையம். ஒரு பாதைக்கு இரண்டு வளையம் வெளியே இருக்கிறதென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வரலாம். ரயில்காரன் கனவில்கூடப் பார்க்க விரும்பாத காட்சி அது. கடைசிப் பெட்டியில் இருந்த கார்ட் பச்சைக் கொடி காட்டியும் டிரைவர் அசையவில்லை. நீராவியை மூடி, விசிலை விட்டு விட்டு ஊதிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

அந்த விசில் சத்தம் கேட்டதும் நான் பிள்ளையோடு ஓடி வந்தேன். அதற்குள் அம்பலவாணர் அவள் முன்னால் நின்றிருந்தார்.

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"வளையம் என்கிட்ட இருக்குங்க. புள்ள இல்லைங்க. ரயிலு போகக் கூடாதுங்க."

அப்போது என் கையில் இருந்த செல்லம் "அம்மா" என்றது. பூவாயி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், முகம் தெளிந்துவிட்டது. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டாள்.

பதினொரு நிமிஷத் தாமதம். கண்டிக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். வண்டி போகுமுன் கார்ட் மாஸ்டர் அறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எதுக்கு மாஸ்டர் தலையை உடைக்கிறீங்க? பைத்தியக்காரப் பொம்பளை குறுக்கே வந்தாளுன்னு எழுதுங்க. யாருக்கும் சேதமில்லை" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னார். அந்த ஒரு வரி எழுதினால் என் வேலைக்கு ஒன்றும் வராது. ஆனால் அது சர்க்கார் காகிதம். பைத்தியம் என்று அதில் ஏறிவிட்டால் பிறகு அவளை அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக யாருக்கும் என் சம்மதம் தேவைப்படாது. மச்சான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்பலவாணர் பேனாவை மையில் தோய்த்தார். "கார்ட் ஒரு காரணம் சொல்லுறார். நீர் என்ன சொல்லுறீர்? வளையம் ஆரிட்டை இருந்தது?"

"அவகிட்டங்க."

"பிள்ளை ஆரிட்டை?"

"என்கிட்டங்க."

"வாங்காமல் ஏன் எடுத்தனீர்?"

"சொல்லிட்டுத்தான் போனேன்" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "அவ சரியாத்தான் செஞ்சாங்க. வளையம் வாங்க மறந்தது நான். அப்படியே எழுதுங்க, ஐயா" என்றேன்.

அவர் எழுதினார். காரணம்: பாயிண்ட்ஸ்மேனின் மறதி. அதற்குக் கீழே, பழைய வளையத்தைக் கொடுத்தது தான் என்றும் எழுதினார். அவருக்கும் ஒரு விளக்கக் கடிதம் வந்தது. என் சேவைத் தாளில் கறுப்புப் புள்ளி விழுந்து, பதவி உயர்வு நாலு வருஷம் தள்ளிப்போனது. போகட்டும். என் முப்பது வருஷத் தாளில் இருக்கிற ஒரே புள்ளி அதுதான், அதை அழித்துத் தருகிறோம் என்று யார் வந்தாலும் நான் விடமாட்டேன். எங்கள் வீட்டில் மறதிக்காரர் யார் என்று சர்க்காரே எழுதி வைத்திருக்கிறது.

மத்தியான வண்டிக்கு மச்சான் தனியாகப் புறப்பட்டார். ஏறுமுன், "ரெண்டு நாளா அவளையே பாத்துக்கிட்டு இருந்தேன், மாப்பிள்ளை. பாக்க வேண்டியது உங்களைத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நானே அவருக்குக் கொடி காட்டி அனுப்பினேன்.

அந்த வளையத்தோடு செல்லம் பதினேழு வயது வரை வளர்ந்தாள். பெரிய பெண்ணான பிறகும் பள்ளிக்கூடம் போகும்போது என் தோளில் வளையத்தை மாட்டிவிட்டுத்தான் தாய் அனுப்புவாள். தினமும் மகளைப் பார்த்து, "இம்புட்டு வளந்துட்டியா?" என்று அதிசயப்படுவாள். யாருக்குக் கிடைக்கும் அந்த அதிசயம்?

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய வருஷம் செல்லத்துக்குக் கலியாணம். மாப்பிள்ளை பல்லேகலப் பக்கத்துப் பையன், கண்டியில் தச்சுப் பட்டறையில் வேலை. பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட்டு வாசலில் நின்றார்கள். புதுப் பட்டுச் சேலையோடு, தோளில் அந்தப் பழைய வளையத்தோடு நின்ற பூவாயி மகளின் கையை விடவில்லை. சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வாய் திறக்குமுன் கறுப்பையா மச்சான் புது மாப்பிள்ளையின் முன்னால் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"மாப்பிள்ளை, அந்த வளையத்தை வாங்கித் தோள்ல போட்டுக்கோங்க. அது இல்லாம இங்க வண்டி போகாது."

பையன் கெட்டிக்காரன். மாலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி, "புள்ள என்கிட்ட" என்றான். பூவாயி கையை விட்டாள். கார் போனது.

எல்லோரும் போன பிறகு அவள் முற்றத்துக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். கலியாணம் மனதில் இல்லை. தேடுகிற அந்தப் பார்வை முகத்தில் வந்தது. அவள் கை தோளுக்குப் போனது. தடவிப் பார்த்தாள். வெறும் தோள்.

"வளையம் என்கிட்ட இல்லைங்க" என்றாள். "அப்ப புள்ள யாருகிட்டயோ பத்திரமாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.